ஏரிச் சேற்றில் என் வண்டி

இரண்டாயிரத்துப் பதினான்காம் ஆண்டு வைகாசி மாதத்தில், நெய்வேலியிலிருந்து கம்மாபுரம் செல்லும் பக்கத்தில் உள்ள ஒரு சிற்றூரின் ஏரிக்குள் இது நடந்தது. அது என் கணவரின் சொந்த ஊர். அப்போது எனக்கு வயது ஐம்பத்தெட்டு.

நான் பிறந்து வளர்ந்தது மலேசியாவில், ஒரு ரப்பர் தோட்டத்தில். தோட்டத் தமிழ்ப்பள்ளியில் ஆறாம் வகுப்போடு படிப்பை நிறுத்திவிட்டு மரம் சீவும் வேலைக்குச் சென்றேன். ரப்பர்ப் பால் நிறைந்த வாளிகளை மோட்டார் சைக்கிளின் இருபுறமும் கட்டி, மழையில் குழம்பிக் கிடக்கும் செம்மண் சரிவுகளின் வழியே நிறுவைக் கொட்டகைக்குக் கொண்டு சேர்ப்பது என் அன்றாடக் கடமை. பின்னாளில் ரப்பர் மரங்களை அழித்து, எண்ணெய்க்காகச் செம்பனை நட்டார்கள். பால் சுமக்கும் வேலை போயிற்று. வண்டியின் மீதிருந்த விருப்பம் மட்டும் போகவில்லை. ஞாயிறுதோறும் தோட்டத்துப் பெண்கள் நாலைந்து பேர் சேர்ந்து, தார் காணாத மலைத்தடங்களில் ஏறி இறங்கிவிட்டு வருவோம். எங்கள் உடையெல்லாம் மண்ணாகியிருக்கும்; மனம் மட்டும் குளித்துவிட்டு வந்ததுபோல் இருக்கும்.

என் கணவர் இளமையிலேயே பிழைப்புத் தேடி அங்கு வந்து, தோட்டத்து மளிகைக் கடையில் கணக்கராக இருந்தவர். வண்டி ஓட்ட அவர் கற்றுக்கொள்ளவே இல்லை. எங்கு செல்வதானாலும் என் பின்னால் அமர்ந்து, குடையையும் பையையும் பிடித்துக்கொண்டு வருவார்.

எங்களுக்குப் பிள்ளைகள் இல்லை. வேலையிலிருந்து ஓய்வு பெற்றதும், எஞ்சிய காலத்தைத் தம் மக்களுக்கு நடுவே கழிக்க வேண்டும் என்று அவர் விரும்பினார். அவருடைய அண்ணன் மகன் நெய்வேலிச் சுரங்கத்தில் பெர்மனென்ட் வேலையில் இருந்தான். அவனுக்கு ஒதுக்கப்பட்ட குவார்ட்டர்ஸில் எங்களுக்கும் ஓர் அறை கிடைத்தது. அறுபதை நெருங்கும் வயதில் நான் ஒரு புதிய நாட்டிற்குக் குடிபெயர்ந்தேன்.

நெய்வேலியில் எனக்கு எல்லாம் பிடித்திருந்தது. நிழல் விழும் நேர்நேரான தெருக்கள், எண்ணிட்ட குடியிருப்பு வட்டங்கள், காலந்தவறாத ஷிஃப்ட் பேருந்துகள். எனக்கிருந்த ஒரே குறை, அங்கே சாலைகள் மிகவும் நன்றாக இருந்ததுதான்.

அண்ணன் மகன் கம்பெனி பஸ்ஸில் வேலைக்குச் செல்வதால் அவனுடைய பைக் வீட்டு வாசலில் சும்மா நின்றது. எங்கள் மலேசிய வண்டிகளில் இடக்கைக் கிளட்ச் கிடையாது, இதில் இருந்தது. அதைப் பழகிக்கொண்டு, அதிகாரியின் முன்னிலையில் எட்டு போட்டுக் காட்டி, முறைப்படி உரிமமும் பெற்றேன். அதன் பின்னர் மண்ணைத் தேடும் படலம் தொடங்கியது.

தொலைவில் குன்றுகளைப்போல் தெரிந்த சுரங்க மண்மேடுகள்தாம் முதலில் என் கண்ணை இழுத்தன. அங்கே ஓட்ட அனுமதி கிடைக்குமா என்று அண்ணன் மகனிடம் கேட்டேன். அவன் சோற்றுத் தட்டிலிருந்து தலையை நிமிர்த்தாமலே சொன்னான்.

“சித்தி, அங்க காக்கா கூட கேட் பாஸ் காட்டிட்டுதான் உள்ள போவும்.”

அது தளர்ந்த மண் என்றும், ஆளையே உள்ளிழுக்கும் என்றும் பிறகு விளக்கினான். நான் அந்த எண்ணத்தை விட்டேன். குறிஞ்சிப்பாடிப் பக்கம் முந்திரித் தோப்புகளுக்கு இடையே அருமையான செம்மண் தடங்கள் இருந்தன. ஆனால் நான் சென்றது முந்திரிக் கொட்டைகள் உதிரும் காலம். உதிர்ந்து கிடக்கும் கொட்டையின் மேல் டயர் ஏறினால் தம் பிழைப்பு என்னாவது என்று தோப்புக்காரர் கேட்டார். அவர் கேட்டது நியாயமே. மன்னிப்புக் கேட்டுத் திரும்பினேன். வேறொரு தடத்தில் கருவேல முட்கள் இரண்டு சக்கரங்களையும் பதம் பார்த்ததில், வண்டியைத் தள்ளிக்கொண்டே வீடு வந்து சேர்ந்தேன். இப்படியே ஏறக்குறைய ஓராண்டு கழிந்தது.

அந்நிலையில், மாரியம்மன் திருவிழாவுக்கான தலைக்கட்டு வரியைச் செலுத்த என் கணவர் தம் ஊருக்குச் சென்றார். நானும் உடன் சென்றேன். அவ்வூரில் மணமாகிக் குடும்பம் நடத்தும் ஒவ்வொருவரையும் ஒரு தலைக்கட்டு என்பார்கள். வரி செலுத்தினால்தான் அவர் ஊரில் ஓர் ஆள். நெடுங்காலம் வெளிநாட்டில் இருந்துவிட்டு மீண்டும் தலைக்கட்டாக நிற்பதில் அவருக்குப் பெருமிதம் மிகுதி. பஸ்ஸிலிருந்து இறங்கி ஏரிக்கரையின்மேல் நடந்தபோதுதான் அதைக் கண்டேன்.

ஏரி வற்றிக் கிடந்தது. ஓரத்தில் மணல், நடுவில் வெடித்த களிமண், சுரங்கத்திலிருந்து இறைத்துவிடும் தண்ணீர் வாய்க்காலின் கசிவால், கோடையிலும் காயாத ஒரு சேற்றுப் பட்டை. அதற்குள் ஊர் இளைஞர்கள் நாலைந்து பேர் பைக்குகளை வளைத்து வளைத்து ஓட்டிக்கொண்டிருந்தார்கள். நான் நடப்பதை மறந்து நின்றுவிட்டேன்.

மறுநாளே வண்டியுடன் சென்று மதகுப் பக்கமாக ஏரிக்குள் இறங்கினேன். ஒரு சுற்று முடிவதற்குள் இளைஞர்கள் சூழ்ந்துகொண்டார்கள். இந்த வயதில் ஆயாவுக்கு ரேஸ் கேட்கிறது என்று ஒருவன் சொல்ல, மற்றவர்கள் சிரித்தார்கள். அவர்களுடைய இளைஞர் மன்றத்திற்குத் தலைவனாக இருந்தவன், சுரங்கத்தில் கான்ட்ராக்ட் வேலை பார்ப்பவன், சிரிக்கவில்லை.

“நீங்க உழுந்து காலு ஒடச்சிக்கினா பசங்களதான் ஊர்ல திட்டுவாங்க. வேணாங்க, கௌம்புங்க” என்றான்.

செய்தி அன்று மாலையே நாட்டாமைக்குப் போய், அவர் வழியாக என் கணவரின் காதுக்கு வந்தது. அவர் கோபப்படவில்லை, கோபப்பட்டிருந்தால் எனக்கு எளிதாக இருந்திருக்கும். “இங்க நமக்குன்னு இருக்கறது பேரு ஒண்ணுதாம்மா. அதையும் ஏரியில கொண்டுபோய் கவுத்துடாத” என்றார்.

அவருடைய சங்கடத்தின் வேர் எனக்குத் தெரியும். மலேசியாவில் வண்டி வைத்திருந்ததாகப் பங்காளிகளிடம் அவர் சொல்லியிருந்தார். வண்டி வீட்டில் இருந்தது உண்மைதான். யார் ஓட்டியது என்று அவர்கள் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை.

எனினும் என்னால் அந்த ஏரியை விட முடியவில்லை. அதுவும் கைநழுவிவிட்டால் இந்த நாட்டில் எனக்கு வேறு மண் இல்லை என்று தோன்றிற்று. ஆகவே திருவிழாவுக்குச் சென்றபோது, மன்றத் தலைவனை நேரில் கண்டு, நான் விழுந்தால் அதற்கு நானே பொறுப்பு என்றும், எனக்கும் ஓட்ட இடம் வேண்டும் என்றும் கேட்டேன். அவன் சற்று யோசித்தான்.

“சரிங்க. நாளைக்கி ஏரியில ஸ்லோ ரேஸ் வெச்சிருக்கோம். கால ஊனாம கோட்ட தாண்டிட்டீங்கன்னா அப்புறம் ஏரியில எப்ப வேணா ஓட்டுங்க. ஊனிட்டீங்கன்னா வண்டி இந்தப் பக்கமே வரக்கூடாது.”

நான் ஒப்புக்கொண்டேன்.

மெதுவாக ஓட்டும் போட்டியைத் தமிழ்நாட்டில் பார்க்காதவர் குறைவு. கடைசியாக வந்து சேர்பவருக்கே பரிசு. கால் தரையில் பட்டாலோ, வண்டி நின்றாலோ ஆட்டத்திலிருந்து நீக்கம். முந்தைய ஆண்டுகளில் ஊர்ச் சாலையில் நடத்தி வந்ததை, லாரிப் போக்குவரத்து மிகுந்துவிட்டதால் அவ்வாண்டு ஏரிக்கு மாற்றியிருந்தார்கள். களிமண்ணில் தொடங்கி, சேற்றுப் பட்டையைக் கடந்து, மணலில் முடியுமாறு சுண்ணாம்புக் கோடுகள் போட்டிருந்தார்கள்.

மறுநாள் கரை முழுவதும் ஊர் கூடியிருந்தது. என் கணவர் புளியமர நிழலில் பெரியவர்களோடு அமர்ந்து, என்னை அறியாதவர்போல் வேறு பக்கம் பார்த்துக்கொண்டிருந்தார். நான் வண்டியைக் கோட்டருகே நிறுத்தியபோது மைக்கில் ஓர் அறிவிப்பு வந்தது. ஒரு தலைக்கட்டுக்கு ஓர் ஆள்தான் என்றும், தலைக்கட்டுக்காரரே முன்வந்து பேர் கொடுக்க வேண்டும் என்றும் சொன்னார்கள். இந்த விதியை நான் எதிர்பார்க்கவில்லை. அனைவரும் என் கணவரைத் திரும்பிப் பார்த்தார்கள்.

அவர் பேசாமல் இருந்திருந்தால் போதும். என் முயற்சி அங்கேயே முடிந்திருக்கும். நாட்டாமை அவரைப் பார்த்து, “என்னாப்பா, மலேசியாவுல நீ ஓட்டுன வண்டிதான. நீயே எறங்குறது” என்று சிரித்தபடி வழியும் காட்டினார்.

என் கணவர் தோள்துண்டை எடுத்து முகத்தைத் துடைத்தார். எழுந்தார். மைக் வரை நடந்து வந்தார்.

“எனுக்கு வண்டி ஓட்டத் தெரியாதுங்க. அங்கயும் நான் ஓட்டுனது கெடையாது. முப்பது வருசமா அவ பின்னாடிதான் குந்திக்கினு போறேன். எங்க தலைக்கட்டுக்கு அவ பேர எழுதிக்குங்க.”

கரை முழுவதும் சிரிப்பு எழுந்தது. அவர் தலை குனியவில்லை. என் அருகே வந்து, என் தலைக்கவசத்தின் வாரைத் தாமே இறுக்கிவிட்டு, மீண்டும் நிழலுக்குப் போய்விட்டார். போட்டி தொடங்கும் முன்பே என் கண்கள் கலங்கியிருந்தன.

விசில் ஒலித்தது. களிமண்ணில் எல்லோரும் நத்தையாக நகர்ந்தோம். கிளட்சைப் பாதி பிடித்து, பாதி விட்டு, வண்டியை மூச்சுவிடுமளவு மட்டும் நகரச் செய்தேன். வாளிப்பால் சிந்தாமல் ஓட்டிய கைகளுக்கு அது கடினமாக இல்லை. வெடிப்புகளில் முன்சக்கரம் சிக்கி இருவர் காலை ஊன்றி வெளியேறினர். மன்றத் தலைவன் எனக்குப் பக்கத்துத் தடத்தில், எனக்கும் பின்னால், மிக நேர்த்தியாக வந்துகொண்டிருந்தான்.

சேறு நெருங்கியது. அதன் பளபளப்பைப் பார்த்ததுமே எனக்குப் புரிந்துவிட்டது. அத்தகைய சேற்றில் மெதுவாகச் சென்றால் சக்கரம் அமிழும். அமிழ்ந்தால் கால் ஊன்றியே ஆகவேண்டும். சீரான வேகத்தில், பிரேக்கைத் தொடாமல், கண்ணை அக்கரையில் வைத்துக் கடப்பது ஒன்றே வழி. அப்படிச் சென்றால் மெதுவோட்டத்தில் எனக்குப் பரிசு கிடையாது. பரிசு போனால் போகட்டும், ஏரி போகக்கூடாது என்று முடிவு செய்து, இரண்டாம் கியருக்கு மாற்றிக் கைப்பிடியைத் திருகினேன்.

வண்டி சேற்றைக் கிழித்துக்கொண்டு பாய்ந்தது. பின்சக்கரம் இடமும் வலமும் வழுக்கியது. அதன் போக்கில் விட்டு இடுப்பால் நிமிர்த்தினேன். கரையில் கூச்சலும் சிரிப்பும் கேட்டன.

“மலேசியா வண்டி என்னா அவசரமோ தெரியல, பஸ்ஸ புடிக்க போயிக்கினு இருக்குதுங்க” என்று மைக்கில் ஒருவர் முழங்கினார்.

சேற்றைக் கடந்து, மணலில் வேகத்தைக் குறைத்து, ஆடாமல் அசையாமல் கோட்டைத் தாண்டினேன். எல்லோருக்கும் முதலாவதாக வந்து சேர்ந்தேன். மெதுவோட்டத்தில் அதைவிடப் பெரிய தோல்வி கிடையாது. எனக்கோ நெஞ்சு நிறைந்திருந்தது. என் கால் மண்ணில் படவில்லை.

திரும்பிப் பார்த்தபோதுதான் கரை ஏன் அமைதியாகிவிட்டது என்று விளங்கியது. கடைசியாக வரவேண்டும் என்ற எண்ணத்தில் சேற்றுக்குள் மெதுவாக இறங்கிய வண்டிகள் ஒன்றன்பின் ஒன்றாக அமிழ்ந்துகொண்டிருந்தன. ஒவ்வொருவராகக் காலை ஊன்றினார்கள். ஒருவன் வண்டியோடு சாய்ந்து சேற்றில் அமர்ந்தேவிட்டான். மன்றத் தலைவன் மட்டும் நடுச்சேறு வரை தாக்குப்பிடித்தான். அங்கே அவனுடைய பின்சக்கரமும் சுழன்று புதைந்தது.

நாட்டாமைக்கு முன் வழக்கு வந்தது. முதலில் வந்தவருக்கு மெதுவோட்டப் பரிசைக் கொடுத்தால் அக்கம்பக்கத்து ஊர்கள் சிரிக்காதா என்று சிலர் வாதிட்டார்கள். போட்டியை மீண்டும் நடத்தலாம் என்றார்கள் வேறு சிலர். யார் காலை ஊன்றினார்கள் என்று தான் பார்க்கவில்லை என மன்றத் தலைவன் சொல்லியிருந்தாலே போதும், எல்லோரும் அதைப் பிடித்துக்கொண்டிருப்பார்கள். அவன் கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தான். முழங்கால் வரை சேறு அப்பியிருந்த தன் காலைத் தூக்கி நாட்டாமைக்குக் காட்டினான்.

“எங்க எல்லார் கால்லயும் சேறு இருக்குதுங்க. அவங்க செருப்ப பாருங்க. அவ்ளோதான் ரூலு.”

என் செருப்பை எல்லோரும் பார்த்தார்கள். அடிப்பகுதி உலர்ந்து கிடந்தது. நாட்டாமை சிரித்துவிட்டார். பரிசான எவர்சில்வர் குடத்தை என்னிடம் நீட்டி, அடுத்த ஆண்டு ஊர்ப் பசங்களுக்குச் சேற்றில் ஓட்டக் கற்றுக் கொடுத்துவிட்டுத்தான் போட்டியில் இறங்க வேண்டும் என்றார். பெண்கள் குலவையிட்டார்கள். நெய்வேலிக்குத் திரும்பும்போது என் கணவர் அந்தக் குடத்தை மடியில் வைத்துக்கொண்டு, ஊர் முழுவதும் பார்க்க, என் பின்னால் அமர்ந்து வந்தார். தெரிந்தவர் எவரைக் கண்டாலும் வண்டியை நிறுத்தச் சொன்னார்.

அடுத்த ஞாயிறு காலையில் குவார்ட்டர்ஸ் வாசலில் நாலு பைக்குகளின் சத்தம் கேட்டது. வெள்ளாற்று மணலுக்குப் போகிறோம், பெரியம்மாவும் வரவேண்டும் என்று தலைவன் அழைத்தான். அன்றிலிருந்து எனக்குத் தடங்களுக்குப் பஞ்சமில்லை. எந்தத் தைலமரக் காட்டில் எந்தப் பாதை எங்கே போய் முடியும், எந்த ஓடையில் எந்த மாதம் இறங்கலாம், யாரிடம் சொல்லிவிட்டுப் போகவேண்டும் என்பதெல்லாம் அவர்களுக்குத் தெரிந்திருந்தது. ஓராண்டு தனியாக அலைந்தும் நான் காணாதவற்றை அந்த ஒரு கோடையில் கண்டேன்.

ஒரு புதிய நாட்டில் நமக்கென ஓர் இடம் எப்படிக் கிடைக்கிறது என்று யாரேனும் கேட்டால், நான் அந்த இருவரையே நினைத்துக்கொள்கிறேன்: தம் பெருமையைக் கீழே வைத்துவிட்டு என் பெயரைச் சொன்ன ஒருவர், தோற்ற பிறகும் தன் காலைத் தூக்கிக் காட்டிய ஒருவன். ஓட்டும் துணிவு என்னிடம் முன்பே இருந்தது; ஓட்டுவதற்கான மண்ணை எனக்குத் தந்தவர்கள் அவர்கள்தாம்.