குளத்தைச் சுருக்கியவர்

என் வீட்டுக்காரர் நீச்சல் மாஸ்டர். அவர் நடத்தும் பிள்ளைகள் கிளப் எந்தப் போட்டிக்குப் போனாலும் கடைசியாகத்தான் வரும். நீச்சல்குளத்தில் பிள்ளைகள் தொட்டுத் திரும்பும் சுவரில் டைல்ஸ் உடைந்து அவர்கள் காலைக் கிழித்தபோது, உடைந்ததன் மேலேயே புதுசை ஒட்டினார். "பழசைப் பேத்துட்டு ஒட்டுங்க" என்று தலைபாடாக அடித்துக்கொண்டேன். காதில் வாங்கினால்தானே.

அதற்கப்புறம் எங்கள் குளத்தில் நடந்த போட்டிகளில் எங்கள் மகளே மூன்று ரெக்கார்டு வைத்தாள். மனுஷருக்குத் தலைகால் புரியவில்லை. கிளப்பே போதும் என்று, பார்த்துக்கொண்டிருந்த ஆபீஸ் வேலையையும் விட்டார்.

போன மாதம் நீச்சல் சங்கத்து அதிகாரி டேப் பிடித்து அளந்தார். ஒட்டிய டைல்ஸின் கனத்துக்குக் குளம் இரண்டு விரற்கடை குட்டையாகியிருந்தது. ரெக்கார்டு ஒன்றும் செல்லாது என்று சொல்லிவிட்டார். பிள்ளைகள் ஒவ்வொருவராக வேறு கிளப்புக்குப் போனார்கள்.

இவர் தனியாளாக உளி பிடித்து எல்லாவற்றையும் பெயர்த்து, நான் சொன்னபடியே ஒட்டினார். இன்று தண்ணீர் நிரப்பியதும் மகள் வந்து நின்றாள்.

"நேரம் எடுங்கப்பா. நான் நிஜமாவே வேகமா நீந்தினேனான்னு எனக்குத் தெரியணும்."

உயிரைக் கொடுத்து நீந்தினாள். சுவரைத் தொட்டு, மூச்சு வாங்க, "எவ்வளவுப்பா?" என்றாள்.

அவர் கையிலிருந்த ஸ்டாப்வாட்ச்சை எட்டிப் பார்த்தேன். அந்த மனுஷர் அதை அழுத்தவே இல்லை.