பேச்சியக்காவுக்கு எடுத்துக்கொடுத்த கதை

போன வாரம் ஒரு பள்ளிக்கூட நூலகத்திலிருந்து இளம் ஆசிரியை ஒருத்தி போன் செய்தாள். "டீச்சர், இப்பத்தான் வாசிக்கப் பழகுறவங்களுக்குச் சரித்திரக் கதை நாலஞ்சு சொல்லுங்களேன். உங்களுக்குத்தான் அனுபவம் இருக்கு." நாளைக்குச் சொல்கிறேன் என்று வைத்துவிட்டு அலமாரியைத் திறந்தேன்.

குமுளி மழையில் புத்தகம் வைத்துக் காப்பாற்றுவது பெரும்பாடு. ஆடி பிறந்தால் பூஞ்சை வாடை மூக்கில் ஏறும். எனக்கு அந்த வாடையோடு நனைந்த கம்பளியும் பச்சைத் தேயிலையும் சேர்ந்தே மணக்கும். முப்பது வருஷத்துக்கு முன்னால், பக்கத்து எஸ்டேட்டில் காலையில் ஆள் கணக்கெடுக்கும் மஸ்டர் கொட்டகையில் பெரியவர்களுக்கு எழுத்துச் சொல்லிக்கொடுத்தேன். கம்பத்திலிருந்து மலையேறி வந்த இருபத்து மூன்று வயதுக்காரி. உலகத்தையே படித்துவிட்ட நினைப்பு. சாயங்காலம் கொழுந்தை நிறுத்துப் போட்டுவிட்டு, ஈரக் கம்பளியோடு எட்டுப் பெண்கள் வந்து உட்காருவார்கள்.

அவர்களில் முதலில் எழுத்துக் கூட்டியவள் பேச்சியக்கா. நாற்பத்தைந்து வயது. கதை கொடு கதை கொடு என்று நச்சரித்தாள். சரித்திரக் கதை என்றால் ராஜா வேண்டாமா? நானும் ஒரு ராஜாவைக் கொடுத்தேன். மறுநாளே திரும்பி வந்தது. "டீச்சர், ராசா பேர முடிக்கிறதுக்குள்ள கொழுந்து முத்திப்போகும் போலருக்கே!"

ராஜா இல்லாத சரித்திரமாகத் தகரப்பெட்டியில் தேடி ஒன்றை எடுத்தேன். மலங்காட்டை அழித்துத் தேயிலை போட வந்த சனங்களின் கதை. அறுபது பக்கம், பெரிய எழுத்து, அட்டையில் கூடை சுமந்த பெண். இதைவிடப் பொருத்தம் என்ன வேண்டும்? உண்மையைச் சொல்லிவிடுகிறேன்: நான் அதைப் படிக்கவில்லை. எழுத்தின் அளவையும் பக்கத்தின் எண்ணிக்கையையும் பார்த்தேன், அவ்வளவுதான்.

புதிதாக வாசிக்கிறவர்களுக்கு மனசுக்குள் வாசிக்க வராது. பேச்சியக்காவும் எஸ்டேட் ஆட்கள் குடியிருக்கும் லயத்து வீட்டில் உட்கார்ந்து சத்தமாகத்தான் வாசித்தாள். எழுபது தாண்டிய அவளுடைய அம்மா, கண் மங்கியவர், பக்கத்தில் இருந்து கேட்டுக்கொண்டிருப்பாராம்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் என் அறை வாசலில் வந்து நின்றாள். முகம் வெளிறியிருந்தது.

"டீச்சர், இத எழுதுனவருக்கு எங்கம்மாவத் தெரியுமா?"

எனக்கு விளங்கவில்லை. புத்தகத்தை விரித்து விரலை வைத்துக் காட்டினாள். கங்காணி எஸ்டேட் வேலைக்கு ஆட்களை நடத்திக் கூட்டி வருகிறான். மழை. ஒருத்தியின் கைக்குழந்தைக்குக் காய்ச்சல். தூக்கிக்கொண்டு ஏற முடியவில்லை. கங்காணி நிற்க விடவில்லை. அவள் குழந்தையைச் சேலைத் துணியில் சுற்றி ஒரு மரத்தடியில் வைத்துவிட்டுக் கூட்டத்தோடு நடக்கிறாள்.

"இந்த எடம் வந்ததும் அம்மா என் கையப் பிடிச்சுக்கிட்டாக. அந்தப் பிள்ள செத்துருச்சுன்னு போட்டிருக்கான்னு கேட்டாக. போடலையேன்னேன். 'நான் வைக்கையில மூச்சு இருந்துச்சு'ன்னாக டீச்சர்." புத்தகத்தை மூடினாள். "நாந்தான் மூத்தவன்னு நெனச்சிருந்தேன்."

நான் கட்டிலில் உட்கார்ந்துவிட்டேன். உட்காரச் சொல்ல வேண்டியது அவளை. அந்த மரியாதைகூட அன்றைக்கு எனக்கு ஓடவில்லை.

அந்த இடத்தைப் பார்த்தாக வேண்டும் என்று பேச்சியக்காவின் அம்மா சோறு தண்ணியில்லாமல் பிடிவாதம் பிடித்தார். அடுத்த ஞாயிறு மூவரும் கம்பம் பஸ்ஸில் மலையிறங்கினோம். கண்டக்டரிடம் கெஞ்சி, பழைய நடைபாதை ரோட்டைத் தொடும் வளைவில் இறங்கிக்கொண்டோம். அம்மா கிழக்கே பார்த்தார், மேற்கே பார்த்தார். ரோட்டை அகலப்படுத்தியதில் மண்ணும் மரமும் போயிருந்தன. எந்தப் பாறையையும் அவரால் அடையாளம் சொல்ல முடியவில்லை. கடைசியில் பள்ளத்தைப் பார்த்துக் குரல் கொடுத்தார்.

"பேச்சி! ஏ பேச்சி!"

பேச்சியக்கா பதறிப்போய், "இங்கனதான நிக்கேன், என்னம்மா?" என்றாள்.

அம்மா திரும்பாமலே சொன்னார். "ஒன்னையில்ல."

போன பிள்ளையின் பெயரைத்தான் அடுத்து வந்த பிள்ளைக்கு வைத்திருக்கிறார். நாற்பத்தைந்து வருஷமாகத் தன்னைக் கூப்பிடும்போதெல்லாம் யாரைக் கூப்பிட்டார் என்று பேச்சியக்காவுக்கு அந்த வளைவில்தான் தெரிந்தது. அவள் அழவில்லை. அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

அந்தப் புத்தகத்தின் கடைசியில், ஆடு மேய்க்கிற ஒருவன் அந்தக் குழந்தையை எடுத்துப்போய் வளர்க்கிறான். அதையும் பேச்சியக்கா அம்மாவுக்கு வாசித்துக் காட்டினாளாம். கேட்டுவிட்டு அம்மா சொன்னாராம்: "எழுதுனவரு எரக்கமுள்ளவரு." நடந்தது என்று அவர் நம்பவில்லை பாருங்கள்.

அம்மா அடுத்த மழைக்கு இல்லை. பேச்சியக்கா வேலை முடிந்து லயத்தைக் காலி செய்து, மகனோடு திருப்பூர்ப் பக்கம் போனதாகக் கேள்வி. மஸ்டர் கொட்டகை இருந்த இடத்தில் இன்று சுற்றுலாக்காரர்களின் விடுதி. அந்த வளைவில் பஸ் நிற்பதில்லை. நின்றாலும் இறங்கிப் பார்க்கப் பாதை இல்லை, உண்ணிச்செடி மூடிவிட்டது. அதன் வழியாகக் கங்காணிக்குப் பின்னால் நடந்து வந்தவர்கள் ஒருவர்கூட இப்போது இந்த மலையில் இல்லை. அவர்கள் வழியில் எதை எதை வைத்துவிட்டு ஏறினார்கள் என்று கேட்க, நான் அப்போது ஒருத்தரிடமும் போகவில்லை.