மரகதத்தைப் பட்டினி போட்டுக் கோவைக்குக் கூட்டிப்போனது

தாராபுரத்திலிருந்து கோவைக்கு வைத்தியத்துக்குப் போகிற சிலர் வழி கேட்டு எழுதியிருந்தீர்கள். சொல்கிறேன், நான் செய்த மடத்தனத்தையும் சேர்த்து. 1996 ஆனியில் என் மனைவி மரகதத்துக்கு மார்பில் புற்றுக்கட்டி. ஆபரேஷனுக்கு வந்து சேரச் சொன்ன நாளில் நடந்தது இது.

காலை 5.10 பஸ். கோவையில் சிங்காநல்லூர் பஸ் ஸ்டாண்டுக்கு எழுபத்தைந்து கிலோமீட்டர், டிக்கெட் பன்னிரண்டு ரூபாய். முந்தைய தடவை போனபோது ஆஸ்பத்திரி டாக்டரம்மா, கட்டி சர்க்கரையை உறிஞ்சித் தின்னும் என்று சொல்லியிருந்தார். அதைக் கேட்டதிலிருந்து எனக்கு உயிரே இல்லை. சோறும் வயிற்றுக்குள் சர்க்கரைதானே என்று நானாக முடிவு கட்டி, சோறு, களி, கருப்பட்டி எல்லாவற்றையும் நிறுத்திவிட்டேன். மூன்று வாரம் கொள்ளு ரசமும் மோரும்தான். அமாவாசை, கிருத்திகை என்று விரதம் இருந்து பழகிய வீடு, அவளும் மறுபேச்சு பேசவில்லை. கட்டியைப் பட்டினி போடுகிறேனாம், பெரிய மேதாவி!

குண்டடம் தாண்டியதும் என் தோளில் சாய்ந்தாள். தூங்குகிறாள் என்று நினைத்தேன். பல்லடத்தில் கூப்பிட்டால் பதில் இல்லை, கை ஜில்லென்று இருந்தது. போய்விட்டாள் என்றே நினைத்தேன். முகத்தில் தண்ணீர் தெளித்ததும் கண் திறந்தாள். கண்டக்டர் இறங்கி ஓடி, சர்க்கரை தூக்கலாக ஒரு டீ வாங்கிவந்தார். சர்க்கரை கட்டிக்குத் தீனியாச்சே என்றேன், வாங்க எனக்குக் கை வரவில்லை.

"ஏனுங்க, மொதல்ல உசுரு இருக்கோணுமுங்க," என்று டம்ளரை என் கையில் திணித்தார். கொஞ்சம் கொஞ்சமாகப் புகட்டினேன்.

7.45க்கு சிங்காநல்லூர், அங்கிருந்து ஆஸ்பத்திரிக்கு ஆட்டோவில் இருபது நிமிடம். எடை பார்த்தார்கள், ஆறு கிலோ குறைந்திருந்தது. நடந்ததைச் சொன்னேன். டாக்டரம்மா திட்டவில்லை, அதுதான் இன்னும் பயமாக இருந்தது.

"கட்டி பட்டினி கெடக்காதுங்க. சோறு இல்லீன்னா ஒடம்பு சதையக் கரைச்சு சர்க்கரை பண்ணும், கட்டி அதையும் புடுங்கிக்கும். நோயோட சண்டை போடற அணுக்கள்தான் சோந்து போகும்."

உடம்பு தேறும்வரை ஆபரேஷன் ஒரு மாதம் தள்ளிப்போயிற்று. அதற்குள் கட்டி பரவிவிட்டால்? அந்த முப்பது நாளும் நான் மனுஷனாக இல்லை. நல்லவேளை, ஆபரேஷன் முடிந்து பிழைத்துக்கொண்டாள். பல வருஷம் கழித்துதான் படித்தேன்: கட்டிக்குள் சண்டைக்குப் போகிற அணுக்களுக்குச் சர்க்கரை மிஞ்சுவதில்லையாம், கட்டி கக்குகிற அமிலப் புளிப்பில் அவை மந்தமும் ஆகிவிடுகின்றனவாம்.

எடை பார்த்த அன்றே ஆஸ்பத்திரி கேண்டீனில் ஆறு இட்லி தின்றாள். பசி என்று ஒரு வார்த்தை ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன்.

"உங்க மொகத்தப் பாத்தா, சீக்கு உங்களுக்குத்தாங்கற மாதிரி இருந்துச்சுங்க. பசிக்குதுன்னா இன்னும் பயந்துக்குவீங்கன்னு இருந்துபோட்டேனுங்க."

வைத்தியத்துக்குக் கூட்டிப்போகிறவர்களே, 5.10 பஸ்ஸையே பிடியுங்கள், குலுக்கல் குறைவான முன்பக்கம் உட்காருங்கள். டாக்டரைக் கேட்காமல் சாப்பாட்டில் கை வைக்காதீர்கள். வழியில் பசிக்கிறதா என்று கேளுங்கள். இல்லை என்று சொன்னால் நம்பிவிடாதீர்கள்.