எட்டு வீட்டுப் பாத்திரங்கள்

மேனாம்பேட்டில் அண்ணி வீட்டுச் சமையல் மேடையில் அந்த டிசம்பரில் எட்டுப் பாத்திரங்கள் வரிசையாகக் கவிழ்ந்திருந்தன. மூன்று எவர்சில்வர் தூக்கு, நான்கு பிளாஸ்டிக் டப்பா, மூடி தொலைந்த ஒரு சம்புடம். ஒன்றுகூட அண்ணியுடையது இல்லை. தெருக்காரர்கள் தீபாவளிக்குப் பலகாரம் போட்டுக் கொடுத்தவை. தீபாவளி முடிந்து எத்தனையோ வாரமாகியும் அவர் எதையும் திருப்பிக் கொடுக்கவில்லை.

அந்தத் தெருவின் வழக்கம் அப்படி. தீபாவளிக்கு அவர்கள் கொடுப்பார்கள், கிறிஸ்துமஸுக்கு நாம் கொடுப்போம். வந்த பாத்திரத்தை வெறுமனே திருப்பினால் மரியாதை இல்லை. ஆனால் அந்த ஆடியில் அண்ணன் போய்விட்டார். இண்டஸ்ட்ரியல் எஸ்டேட்டில் லேத் வேலை. காலை ஷிப்டுக்குப் போனவர், நெஞ்சு வலிக்கிறது என்று உட்கார்ந்தார், அவ்வளவுதான். துக்க வீட்டில் ஒரு வருடத்துக்கு எண்ணெய்ச் சட்டி ஏறக் கூடாது, பண்டிகைக்கு மற்றவர்கள்தான் கொண்டுவந்து தர வேண்டும். கிறிஸ்தவ வேதத்துக்கு வந்து மூன்று தலைமுறை ஆகியும் இதை மட்டும் எங்கள் ஆட்கள் விடவில்லை.

“ஆளுக்கு ஒரு கரண்டி சக்கரையப் போட்டுக் குடுத்துடலாமே அண்ணி” என்றேன். பெரிய யோசனை சொல்லிவிட்டதாக நினைப்பு வேறு.

“சக்கரை போட்டுக் குடுக்க நான் இன்னா ரேஷன் கடையா?” என்றார் அண்ணி. மறுநாள் மைதா மூட்டையே வந்து இறங்கியது.

வேப்பம்பட்டிலிருந்து ரயிலேறி அத்தை வந்துவிட்டார். என் அப்பாவின் தங்கை. குடும்பத்தில் எது கூடும், எது கூடாது என்பதெல்லாம் அவர் வாயில்தான். “புருசன் போயி ஆறு மாசங்கூட ஆவல. எண்ணெச் சட்டி வச்சா ஊர் இன்னா பேசும்? எதிர் ஊட்டுல மாலை வேற போட்டுக்கினு கீறாங்கோ. துக்க ஊட்டுக்காரி நீ போயி அங்க நிப்பியா?”

அண்ணி மாவிலிருந்து கையை எடுக்கவில்லை. “எல்லாரும் போட்டாங்க, வாங்கித் தின்னோம். வாங்கித் தின்ற ஊடாவே இது நின்னுடக் கூடாது அத்தை. அவரு இருந்த வரைக்கும் குடுத்த ஊடு இது.”

உண்மையைச் சொல்கிறேன், நானும் மனதுக்குள் அத்தை கட்சிதான். யாராவது கதவைச் சாத்திவிட்டால் அண்ணி தாங்கமாட்டார் என்று பயம். ஆனாலும் உட்கார்ந்து கிறிஸ்துமஸ் பலகாரமான கலகலாவுக்கு மாவு உருட்டினேன். உருண்டையை முள் கரண்டியின் முதுகில் அழுத்திச் சுருட்ட வேண்டும். நான் சுருட்டியவை பாதி எண்ணெயில் பிரிந்து திட்டு வாங்கித் தந்தன. எதிர் வீட்டுக்கு மட்டும் முட்டை சேர்க்காமல், வெறும் தேங்காய்ப் பாலில் தனியாகப் பிசைந்து, புது எண்ணெயில் பொரித்தார் அண்ணி.

அண்ணன் இருந்தபோது முதலில் போவது அந்த எதிர் வீட்டுக்குத்தான். அண்ணியும் அங்கேதான் முதலில் போனார். தண்ணி லாரி ஓட்டும் அந்த எதிர் வீட்டு அண்ணன் கறுப்பு வேட்டியும் தாடியுமாக வெளியே வந்தார். டப்பாவைப் பார்த்ததும் தயங்கினார். “நா மாலை போட்டுகினு கீறேன் ம்மா.”

அண்ணி அசையாமல் நின்றார். “தெரியும் ண்ணே. முட்டை போடல.”

அவர் இரண்டு கையாலும் வாங்கி சாமான் அலமாரியின் மேல் தட்டில் வைத்தார். “மலைக்குப் போய்ட்டு வந்து தின்றேன்.”

மற்ற ஏழு வீடுகளிலும் வாங்கிக்கொண்டார்கள். ஆனால் வாங்குவது வேறு, தின்பது வேறு. “நாசூக்கா ஒதுக்கி வச்சிட்டாரு பாரு” என்றார் அத்தை. அண்ணி எண்ணெய்ச் சட்டியைத் தேய்க்க உட்கார்ந்தார். அதற்குப் பிறகு வாசல் பெருக்கும்போதெல்லாம் எதிர் வீட்டை ஒரு தரம் பார்த்துவிட்டுத்தான் உள்ளே வருவார்.

இப்போது நான் வேலப்பன்சாவடியில் ஃப்ளாட்டில் இருக்கிறேன். கிறிஸ்துமஸுக்கு அக்கம்பக்கத்துக்குக் கடைக் கேக்கை அட்டைப் பெட்டியோடு கொடுக்கிறோம். பெட்டி திரும்பி வருவதில்லை. அவர்கள் தின்றார்களா என்று நாங்கள் யோசிப்பதும் இல்லை. அண்ணி யோசித்தார். பொங்கலுக்கு நான்கு நாள் இருக்கும்வரை யோசித்தார்.

அன்று காலை எதிர் வீட்டு அண்ணன் மலையிலிருந்து திரும்பி, மாலையைக் கழற்றிய கையோடு டப்பாவைத் தூக்கிக்கொண்டு வந்தார். கழுத்து வரை நிரம்பியது அப்படியே இருந்தது. அண்ணியின் முகம் செத்துவிட்டது. திருப்பிக் கொடுக்கத்தான் வந்திருக்கிறார் என்று நானும் நினைத்தேன்.

“இன்னும் வாய்ல பச்சத் தண்ணி ஊத்தல ம்மா” என்றவர், நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, மூடியைத் திறந்து ஒன்றை வாயில் போட்டார். கடக் என்று சத்தம் கேட்டது. கன்னத்தைப் பிடித்துக்கொண்டார்.

“இன்னாம்மா இது, கல்லு மாரி கீது! பல்லு போச்சு!”

“சாமி ஊடாச்சேன்னு முட்டை போடாம பிசைஞ்சா அப்டித்தான் இருக்கும்!” அண்ணியின் குரல் தெருவுக்கே கேட்டிருக்கும். “அதையும் இத்தினி நாளு டப்பாவுல பூட்டி வச்சிட்டு, எங்கிட்ட வந்து கல்லுன்றீங்களா? போன வருசம் நாலே நாள்ல தொடச்சித் தின்னீங்களே, அப்போ பல்லு கடன் வாங்குனீங்களா?”

அவர் சிரித்துக்கொண்டே அடுத்ததை எடுத்துக் கடித்தார். ஆடி மாதத்திலிருந்து அந்த வீட்டில் யாரும் இவ்வளவு சத்தமாகப் பேசியதில்லை.

“நீ இன்னா வாயப் பார்த்துகினு நிக்கற?” என்றார் அண்ணி என்னிடம். “அவருக்கு டீயப் போடு. ஊற வச்சாவது தின்னட்டும்.”