கர்ணம் அம்மா

பிரசார ஜீப்பைச் சுற்றி ஒரு நடை நடந்து, நான்கு டயரையும் காலால் உதைத்துப் பார்த்துவிட்டு, ரேணுகாதேவி கைக்கடிகாரத்தைப் பார்க்கிறார். ஐந்தரை. தொண்டர்களை ஐந்தரைக்குத்தான் வரச் சொல்லியிருந்தார். ஏழே காலுக்கு ஒன்றியச் செயலாளர் ஆனந்தன் வேப்பங்குச்சியும் வாயுமாக வந்து, “இன்னா மேடம், அதுக்குள்ள ரெடியாய்ட்டீங்க?” என்கிறார். அம்மாள் திட்டுவதில்லை. நோட்டை எடுத்து ‘07.15’ என்று குறித்துக்கொள்கிறார். இதற்கு நாலு வார்த்தை திட்டியிருக்கலாமே என்று ஆனந்தனுக்குத் தோன்றும்.

அம்மாள் ஆலங்காயத்துக்காரர். இருபத்தாறு வருஷம் ராணுவத்தில் இருந்து, கர்னலாக உயர்ந்து, எண்ணூறு பேருக்கு உத்தரவு போட்டவர். இப்போது நாடாளுமன்ற இடைத்தேர்தலில் நிற்கிறார். உத்தரவு போட்ட வாய்க்குக் கெஞ்ச வருமா? முதல் நாள், “எல்லாரும் எனக்கு ஓட்டுப் போடுங்க. சந்தேகம் இருந்தா இப்பவே கேளுங்க” என்று சொல்லிவிட்டுக் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றார். ஒருவரும் வாய் திறக்கவில்லை. திருப்தியாக ஜீப்பில் ஏறிவிட்டார். அவரைக் கும்பிட வைக்க ஆனந்தன் தலைகீழாக நின்று தண்ணீர் குடித்தார். இப்போது கும்பிடுகிறார், மூன்று விநாடி.

மலைக்குக் கீழே, சமவெளியில் இருபது பேர் கூடினால் அதிகம். ஜவ்வாது மலையிலோ மூன்று ஊர் சேர்ந்து திரண்டு வந்து ஆரத்தி எடுக்கிறது. பட்டாளத்துக்காரிக்கு மலை கொடுக்கிற மரியாதை என்று அம்மாளுக்குத் தலைகால் புரியாத சந்தோஷம். முகத்தில்தான் காட்டவில்லை.

நான்காம் நாள் குட்டு உடைந்தது. குப்பம்மாள் என்ற சாமைக் காட்டுக்காரி மஞ்சள் பையைத் திறந்து, நைந்துபோன காகிதங்களை நீட்டினாள். “எம் மாமனார் காலத்துலேர்ந்து உழுவுறோம். பட்டா இல்லேன்றாங்க. நீங்க ஒரு வரி எழுதிட்டீங்கன்னா முடிஞ்சிபூடும், கர்ணம் அம்மா.”

கர்ணம்! ஊர் நிலக் கணக்கை எழுதிய அந்தக் காலத்து அதிகாரி. பதவியை ஒழித்து நாற்பது வருஷத்துக்கு மேலாகிறது, மலையில் அந்தப் பேர் மட்டும் ஒழியவில்லை. ஒலிபெருக்கி ‘கர்னல்’ என்று கத்தியது ஜனங்களுக்குக் ‘கர்ணம்’ என்று கேட்டிருக்கிறது. அதிலும் டெல்லிக்கே போகப்போகிற கர்ணம்.

ஆனந்தன் காதோடு சொன்னார்: “வுட்ருங்க மேடம். மலையில பத்தாயிரம் ஓட்டு. இது போச்சின்னா டெபாசிட்டும் போச்சி. கர்ணம்னே நெனைச்சிக்கட்டும், நமக்கு இன்னா?”

ஜெயிக்க ஆசை இல்லாமலா அம்மாள் இந்த வெயிலில் மலை ஏறுகிறார்? ஆசை நிறைய இருந்தது. காகிதங்களை மடித்து மஞ்சள் பையிலேயே திருப்பி வைத்தார்.

“நான் கர்ணம் இல்லீங்கம்மா. பட்டாளத்துல அதிகாரியா இருந்தவ. பட்டா எழுதித் தர்ற அதிகாரம் எனக்குக் கெடையாது. ஜெயிச்சா டெல்லியில கேப்பேன். கெடைக்கும்னு வாக்குக் குடுக்க மாட்டேன்.”

கூட்டத்தில் பின்வரிசை கலையத் தொடங்கியது. குப்பம்மாள் இடுப்பில் செருகியிருந்த தேர்தல் நோட்டீஸை உருவினாள். “அப்ப இதுல கர்னல்னு போட்டிருக்கறது? அச்சாபீசுக்காரன் தப்பாப் போட்டுட்டான்னுல்ல நெனைச்சோம்!”

ரேணுகாதேவி அதை வாங்கி, ஜீப் முகப்பில் விரித்து வைத்து, தன் பேருக்கு முன்னாலிருந்த ‘கர்னல்’ என்ற சொல்லைப் பேனாவால் ஒரே கோடாக அடித்துத் திருப்பிக் கொடுத்தார். பிறகு, மிச்சமிருந்த நோட்டீஸ் கட்டைத் தரச் சொல்லி ஆனந்தனிடம் கையை நீட்டினார்.