தண்டவாளத்தோரம் இருபத்து மூன்று ஜோடி

பட்டியலில் அது அறுபத்தொன்றாவது வரி: "பழைய செருப்புகள், 23 ஜோடி, தகரத்துண்டின் கீழ். அகற்று." அதற்கு மேல் வரியில் உடைந்த மீன்தொட்டி ஒன்று. கீழ் வரியில் லாரி டயர் நான்கு. கையெழுத்து என்னுடையது.

பினாங்குத் தீவுக்கு எதிரே, பெருநிலத்தில் உள்ள பிறையில் முன்பு சரக்கு ரயில் ஓடிய ஒரு கிளைத்தடத்தை, நடப்பதற்கும் சைக்கிள் ஓட்டுவதற்குமான பாதையாக மாற்றும் வேலை அது. ரயில் நின்று வருடக்கணக்கில் ஆகிவிட்டது. சில இடங்களில் தண்டவாளம் இருந்தது, சில இடங்களில் யாரோ கழற்றிக்கொண்டு போயிருந்தார்கள், மற்ற இடமெல்லாம் லாலாங் புல். ஒரு பக்கம் அடுக்குமாடி வீடுகள். மறுபக்கம் புதர், அதற்கப்பால் லாரிகள் ஓடும் பெரிய சாலை. தீவில், ஜார்ஜ் டவுனில் நான் வேலை பார்க்கும் பொறியியல் அலுவலகத்துக்கு வரைபட வேலை கிடைத்திருந்தது. அங்கே நான்தான் இளையவள் என்பதால் கணக்கெடுப்பு என்னிடம் வந்தது. இரண்டு கிலோமீட்டர் நடந்து, தடத்தில் கிடக்கும் ஒவ்வொன்றையும் எழுத வேண்டும். எதிரே இரண்டில் ஒன்றைக் குறிக்க வேண்டும்: வைத்துக்கொள், அல்லது அகற்று.

எனக்குப் பட்டியல் போடப் பிடிக்கும். பாசாருக்குக் காய்கறி வாங்கப் போக மட்டுமல்ல, சண்டை போடக்கூட நான் பட்டியல் எழுதி வைத்திருப்பேன் என்று அம்மா சொல்வார். பட்டியல் முடிந்ததும் மனம் ஓர் இடத்தில் உட்காரும். அதற்காகவே எழுதுகிறேன் என்றும் சொல்லலாம். இந்த முறை நூற்று நாற்பத்தாறு வரிகள் எழுதி முடித்தும் மனம் உட்காரவில்லை. ஃபெரியில் தீவுக்குத் திரும்பும்போது வரிகளை மேலிருந்து கீழாகவும் கீழிருந்து மேலாகவும் படித்தேன். எதையோ விட்டுவிட்டேன். எதை என்று தெரியவில்லை.

இரண்டு நாள் கழித்து அலுவலகத்தில் புகைப்படங்களை வரிசைப்படுத்தும்போது அந்தச் செருப்புகளைப் பெரிதாக்கிப் பார்த்தேன். எல்லா ஜோடியும் ஒரே திசையில் இருந்தன. நுனி அடுக்குமாடிப் பக்கம், குதிகால் சாலைப் பக்கம். தூக்கி எறிந்த செருப்பு இப்படித் திரும்பி நிற்குமா என்று ஒரு கணம் தோன்றியது. அதற்குள் தொலைபேசி அடித்தது. எடுத்துப் பேசினேன். பிறகு அடுத்த படத்துக்குப் போய்விட்டேன். இன்றுவரை என்னை உறுத்துவது அந்தத் தொலைபேசிதான்.

ஏனென்றால் எனக்குத் தெரிந்திருக்க வேண்டும். சுங்கை பினாங்கில் எங்கள் வீட்டு வாசலில் கிடக்கும் செருப்புகளைப் பார்த்தே உள்ளே யார் யார் என்று சொல்லிவிடலாம். பள்ளி விட்டு வரும்போது பெரியம்மாவின் கறுப்புச் செருப்பைக் கண்டால் நான் பின்வாசலுக்குப் போய்விடுவேன். அவர் முதலில் கேட்பது கணக்குப் பாட மதிப்பெண்ணைத்தான். செருப்பு வரிசையாக இருந்தால் அதற்கு ஆள் உண்டு. அப்படி வளர்ந்தவள் இருபத்து மூன்று ஜோடியை எண்ணி, குப்பை என்று எழுதினேன்.

தடத்தைத் துப்புரவு செய்த அன்று நான் அங்கே இருந்தேன். காலையில் மழை. இயந்திரம் லாலாங்கை வழித்துக்கொண்டே போனது. ஒப்பந்தக்காரரின் ஃபோர்மேன், ஒரு தமிழ் முஸ்லிம் அண்ணன், என் பட்டியலைப் பிளாஸ்டிக் உறையில் போட்டு வரி வரியாக அடித்துக்கொண்டு வந்தார். மதியத்துக்குள் அறுபத்தொன்றையும் அடித்துவிட்டார். செருப்புகள் லாரியில் ஏறிப் போயின.

நான்கு மணிக்குச் சற்று முன்னால் சாலையில் ஒரு தொழிற்சாலை பஸ் நின்றது. சீருடை போட்ட பெண்கள் புதர் இடைவெளி வழியாக ஒவ்வொருவராக வந்தார்கள். வந்தவர்கள் சேற்றின் ஓரத்தில் நின்றார்கள். நான் கணக்கெடுத்த நாள்களில் எங்கள் வேன் இரண்டு மணிக்கே கிளம்பிவிடும். அதனால் இவர்களை நான் பார்த்ததே இல்லை.

"ஏய், எங்கடி சிலிப்பர்?"

"தகரத்தையே காணோம், சிலிப்பர கேக்குற."

முன்னால் நின்றவருக்கு நாற்பத்தைந்து வயதிருக்கும். ஒரு காலை ஊன்றும்போது முகம் சுளிந்தது. ஃபோர்மேனைப் பார்த்து, "அண்ணே, எங்க சிலிப்பரெல்லாம் என்னா ஆச்சி?" என்றார்.

"லிஸ்ட்டுல இருந்துச்சிக்கா. லிஸ்ட்டுல இருந்தா எடுத்துருவோம்லா."

"யாரு எழுதுன லிஸ்ட்டு?"

ஃபோர்மேன் அண்ணன் என்னைப் பார்க்காமல் இயந்திரத்தைப் பார்த்தார். அது போதுமாக இருந்தது.

"நான்தான் எழுதினேன்க்கா," என்றேன்.

அந்த அக்கா என் தலைக்கவசத்தையும் பூட்ஸையும் பார்த்தார். "ஏன் தங்கச்சி, வரிசையா சிலிப்பர் இருந்தா ஆளு இருக்குன்னு உங்க வீட்டுல சொல்லித் தரலியா? என்னோடது புதுசு. பச்சக் கலரு. ஒரு வாரங்கூட ஆவல."

பின்னால் ஒருத்தி சிரித்தாள். "விடுக்கா, அந்தப் புள்ள எஞ்சினியரு. பூட்ஸு போட்டவங்களுக்கு சிலிப்பரு குப்பதான்."

அவர்கள் வேலைக்குப் போடும் சப்பாத்தைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு, வெறுங்காலோடு சேற்றைக் கடந்தார்கள். நான் பின்னாலேயே போனேன். மன்னிப்புக் கேட்டேன். அக்கா நடந்துகொண்டே விளக்கினார். வீட்டிலிருந்து சிலிப்பரில் வந்து, தடத்தைத் தாண்டி, சாலையோரம் சப்பாத்தை மாட்டிக்கொள்வார்கள். சேறு பட்ட சப்பாத்தோடு போனால் கம்பெனி வாசலில் நிறுத்திவிடுவார்கள். சிலிப்பர் தகரத்தின் கீழ் சாயங்காலம்வரை காத்திருக்கும், காலை நுழைத்ததும் நடக்கத் தோதாக வீட்டுப் பக்கம் திருப்பி வைத்தபடி.

"பாதை போட்டா சேறு இருக்காதுல்ல? அப்ப நல்லதுதான்," என்றார்.

ஆனால் என் வரைபடத்தில் அந்த இடத்தில் இருந்தது ஒரே தொடர்ச்சியான இரும்புவேலி. சாலைச் சந்திப்பு வரைக்கும் போகும். எதுவும் கடக்காத இடத்தில் வேலியை ஏன் உடைக்க வேண்டும் என்று நானே போட்டது.

அதைச் சொன்னேன். அக்கா நின்றார்.

"வேலியா? அப்ப எப்படிப் போறது?"

"சந்திப்பு வரைக்கும் போய்ச் சுத்திதான் வரணும்."

"காடியா மோட்டாரா வச்சிருக்கேன், சுத்திகிட்டு வர்றதுக்கு? ஆறு அஞ்சுக்கு பஸ்ஸு. தீவுல பாயான் லெப்பாஸ் கம்பெனிக்குப் போற ஒரே பஸ்ஸு அதான். மாமனாரு படுக்கையில இருக்காரு. அவரக் கழுவி, கஞ்சி ஊட்டி, ஆறு அடிக்கிறப்பதான் பக்கத்து வீட்டம்மா வருவாங்க. நான் எறங்குனா அஞ்சே நிமிசம்." விரல்களை நீட்டினார். "ஏற்கெனவே லேட்டுன்னு ரெண்டு லெட்டர் குடுத்துட்டான். மூணாவது குடுத்தா வீட்டுக்குப் போன்னு அர்த்தம்."

அன்று மாலை சுற்றுவழியை நானே நடந்து பார்த்தேன். இருபத்திரண்டு நிமிடம். எனக்குக் கால்வலி இல்லை.

மறுநாள் காலை தலைமைப் பொறியாளரின் அறைக்குப் போனேன். சீனர், பொறுமையானவர், குரலை உயர்த்தாமலே ஆளைச் சுருங்க வைப்பவர். எங்கள் பேச்சு ஆங்கிலத்தில் நடந்தது. வேலித் துண்டுகள் வந்து இறங்கிவிட்டன, வியாழக்கிழமை நிறுத்தத் தொடங்குகிறார்கள் என்றார். அன்று செவ்வாய்.

"அங்கே கடக்கும் வழி இருக்கிறது," என்றேன்.

"பட்டியலில் எந்த எண்?"

"பட்டியலில் இல்லை."

"நீ பார்த்தாயா?"

"சொன்னார்கள்."

"சொன்னதை வைத்து நான் வரைபடத்தை மாற்ற முடியாது. பார்த்து எழுது. காரணம் என்ற கட்டத்தில் ஏன் முதலில் விட்டாய் என்பதையும் எழுது."

அன்றிரவு சரியாகத் தூங்கவில்லை. புதன்கிழமை நாலரைக்கு எழுந்து மோட்டார் சைக்கிளில் கடற்பாலத்தைத் தாண்டினேன். காற்று பக்கவாட்டில் தள்ளியது. தொழிற்சாலை பஸ்கள் எதிர்த்திசையில் தீவை நோக்கி விளக்கெரிய வந்துகொண்டிருந்தன. ஐந்தரைக்குத் தடத்தோரம் அட்டையும் பேனாவுமாக நின்றேன். ஐந்தே முக்கால் வரை ஒருவர்கூட வரவில்லை.

பிறகு வந்தார்கள். இரண்டு பேர், நான்கு பேர், தனியாக ஒருவர். சிலிப்பர் இல்லாததால் சப்பாத்தின் மேல் பிளாஸ்டிக் பையைச் சுற்றிக் கணுக்காலில் ரப்பர் வளையம் போட்டிருந்தார்கள். இருட்டில் சரசர என்று சத்தம் மட்டும் முதலில் கேட்கும், பிறகுதான் உருவம் தெரியும். ஒவ்வொன்றுக்கும் ஒரு கோடு போட்டேன். என்னைக் கண்ட ஒருத்தி, "எஞ்சினியரு வந்துட்டாங்கடி, பைய பத்திரமாப் புடிச்சிக்க, அதையும் லிஸ்ட்டுல போட்டுருவாங்க," என்று சொல்லிவிட்டுப் போனாள்.

ஆறு மணி. முப்பது கோடுகள். அக்கா வரவில்லை. ஆறு மூன்றுக்கு பஸ் வந்து நின்றது. எல்லாரும் ஏறினார்கள், ஒருத்தியைத் தவிர. அவள் ஒரு காலைப் படியிலும் ஒரு காலைத் தரையிலும் வைத்துக்கொண்டு கைப்பையில் எதையோ தேடத் தொடங்கினாள். அவள் கால் படியில் இருக்கும்வரை ஓட்டுநரால் கதவை மூட முடியாது. ஓட்டுநர் மலாயில் ஏதோ கத்தினார். அவள் நிதானமாகத் தேடினாள். தினமும் தேடுகிறாள் என்று அந்த நிதானத்திலேயே தெரிந்தது.

சரசர என்று அக்கா வந்தார். ஓட முடியாத ஓட்டம். ஒரு கால் பையில், இன்னொரு கால் பை கிழிந்து சேற்றில். முப்பத்தொன்று. பஸ் கிளம்பியபோது ஆறு ஏழு.

நூற்று நாற்பத்தேழாவது வரியை அங்கேயே, மோட்டார் இருக்கையில் அட்டையை வைத்து எழுதினேன்: "கடக்கும் வழி, ஒன்று. காலையில் 31 பேர். வைத்துக்கொள்." காரணக் கட்டத்தில், "கணக்கெடுத்தவர் பொருள்களை மட்டும் எண்ணினார், ஆள்கள் கடக்கும் நேரத்தில் அங்கே இல்லை," என்று எழுதிக் கையெழுத்திட்டேன்.

தலைமைப் பொறியாளர் அதை இரண்டு முறை படித்தார். "சரி," என்றார். ஆனால் அந்த இடத்தில் வேலிக்கான அடித்தளம் ஏற்கெனவே ஊற்றியாகிவிட்டது. நாற்பது மீட்டர் தள்ளி, சிறு கால்வாய்ப் பக்கம்தான் இடைவெளி விட முடியும். சைக்கிள்காரர்கள்மேல் யாரும் நேரே பாய்ந்துவிடாதபடி, வளைந்து நுழையும் கம்பித் தடுப்பு ஒன்றும் வைக்க வேண்டும்.

அக்காவிடம் சொன்னபோது, "நாப்பது மீட்டரா? என் கால்ல அது நானூறு," என்றார். பிறகு, "பரவால்லா. சுத்துறதுக்கு இது எவ்வளவோ தேவல," என்றார். எனக்கு அது போதவில்லை. கம்பித் தடுப்பை நிறுத்திய அன்று அவருடைய நடையின் வேகத்தில் நடந்து நேரம் பார்த்தேன். அவரிடம் இருந்த ஐந்து நிமிடத்தில் கிட்டத்தட்ட ஒன்றை இந்த வளைவும் தூரமும் சாப்பிட்டன. தடுப்பின் அகலத்தை ஒரு சாண் கூட்டக் கேட்டேன். ஃபோர்மேன் அண்ணன் பெருமூச்சு விட்டார். "நீ லிஸ்ட்டு எழுதுனாலும் வேலை, எழுதலன்னாலும் வேலைம்மா." ஆனாலும் கூட்டினார்.

பாதை திறந்து ஏழு மாதம் ஆகிறது. மாலையில் பிள்ளைகள் சைக்கிள் ஓட்டுகிறார்கள். மணியடிக்கும் சைக்கிள்காரர்களை அந்தப் பெண்கள் திட்டுவதும் நடக்கிறது. பாதையில் சேறு இல்லை. ஆனால் அடுக்குமாடிக்கும் பாதைக்கும் நடுவே இன்னும் இருக்கிறது. அதனால் கம்பித் தடுப்புக்குக் கீழே மறுபடியும் செருப்புகள் சேரத் தொடங்கின. முதலில் மூன்று ஜோடி. பிறகு எண்ணிக்கை கூடியது. பராமரிப்புக் குறிப்பில் நான் ஒரு வரி சேர்த்தேன்: "தடுப்பின் கீழுள்ள செருப்புகள் குப்பை அல்ல. தொட வேண்டாம்." துப்புரவு செய்பவர்கள் அதைப் படிப்பார்களா என்று எனக்குத் தெரியாது.

அதனால் வாரத்தில் ஒரு நாளாவது அலுவலகம் போகும் முன் பாலத்தைத் தாண்டிப் போகிறேன். ஆறரைக்கு அங்கே யாரும் இருக்க மாட்டார்கள். குனிந்து எண்ணுவேன். போன திங்கள் பத்தொன்பது. எல்லாம் வீட்டுப் பக்கம் திரும்பி. எண்ணிக்கையைவிட நான் முதலில் தேடுவது ஒரு பச்சை ஜோடியை. அக்கா அதே நிறத்தில் மறுபடி வாங்கியிருந்தார். பஸ்ஸைத் தவறவிட்டால் அதைப் போட்டுக்கொண்டு வீட்டுக்குத் திரும்பியிருப்பார். கடைசியில், கால்வாய் ஓரமாக, ஒரு ஜோடி மட்டும் கொஞ்சம் கோணலாகக் கிடந்தது. அவசரத்தில் கழற்றியது. பச்சை.

அதை நேராகத் திருப்பி வைக்கக் கை போனது. வைக்கவில்லை. மோட்டாரை எடுத்தேன்.