இஸ்திரிக் கடை வைத்தியம்

அந்தத் தெருவில் யாருக்காவது உடம்பில் அரிப்பு வந்தால் முதலில் இஸ்திரிக் கடைக்குத்தான் போவார்கள். டாக்டரெல்லாம் அதற்கு அப்புறம். டாக்டரிடம் போனால் டோக்கன் வாங்க வேண்டும், காத்துக் கிடக்க வேண்டும், நேற்று என்ன சாப்பிட்டீர்கள் என்ற விசாரணைக்கெல்லாம் பதில் சொல்ல வேண்டும். இஸ்திரிக்காரர் எதுவும் கேட்கமாட்டார். பெட்டியை நிமிர்த்தி வைத்துவிட்டு, கையை நீட்டச் சொல்லி, வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்ப்பார். பிறகு "ம்" என்பார். அந்த "ம்"மிலேயே பாதி அரிப்பு போய்விடுகிறது என்று மூன்றாம் மாடி வக்கீல் போகிற இடமெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தார். மீதிப் பாதி வக்கீலை விட்டுப் போகவே இல்லை என்பதை அவர் யாரிடமும் சொல்லவில்லை.

மேஜைக்குப் பின்னால் ஓர் அலமாரி. அதில் பட்டன் டப்பாவுக்கும் நூல்கண்டுகளுக்கும் நடுவே, கட்டைவிரல் உயரத்தில் பழுப்பு நிற வாசனை எண்ணெய்ப் பாட்டில்கள். லாவெண்டர், டீ ட்ரீ, எலுமிச்சைப்புல். தோல் சிவந்து தடித்திருந்தால் லாவெண்டர். பொரிப்பொரியாகக் கிளம்பியிருந்தால் டீ ட்ரீ. என்னவென்று பிடிபடாவிட்டால் இரண்டும். எலுமிச்சைப்புல் எதற்கு என்று அவருக்கே தெரியாது, ஆனால் ஒரு வைத்தியரிடம் மூன்று பாட்டிலாவது இருக்க வேண்டும் என்று அவர் நினைத்தார்.

இதெல்லாம் ஆரம்பித்தது ஒரு வாடிக்கையாளரின் கோட்டுப் பையில் மறந்து கிடந்த லாவெண்டர் பாட்டிலில்தான். திருப்பிக் கொடுக்கப் போனபோது அந்த அம்மாள், "நீங்களே வச்சுக்குங்க, உங்க கை என்ன இப்படிச் செவந்திருக்கு?" என்றாள். ஆவி பட்டுப் பட்டு மணிக்கட்டில் வந்திருந்த சிவப்பு அது. எண்ணெயைத் தடவினார். அந்த வாரமே குணமாகிவிட்டது. அந்த வாரம் முழுக்க அவர் காய்ச்சலில் படுத்திருந்தார், பெட்டியைத் தொடவே இல்லை என்பது உண்மைதான். ஆனாலும் பாராட்டெல்லாம் எண்ணெய்க்கே போய்ச் சேர்ந்தது. இந்த உலகத்தில் பல பேர் பெயர் வாங்கியது இப்படித்தான்.

சும்மா சொல்லக்கூடாது, எண்ணெய் வந்த பிறகு மனுஷனுக்கு மரியாதை கூடியது. முன்பெல்லாம் வாசலில் நின்றபடியே துணிமூட்டையை வீசிவிட்டுப் போனவர்கள், இப்போது உள்ளே வந்து ஸ்டூலில் உட்கார்ந்து சட்டையை அவிழ்த்துக் காட்டினார்கள். "ஏம்பா" போய் "அண்ணே" வந்தது. அவருக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. அந்தக் குளிர்ச்சியில்தான் அவர் இன்னொரு காரியமும் செய்தார். துணிக்குத் தண்ணீர் தெளிக்கிற பாட்டிலில் லாவெண்டரைக் கொஞ்சம் ஊற்றினார், டீ ட்ரீயைக் கொஞ்சம் ஊற்றினார். எண்ணெயும் தண்ணீரும் ஒட்டாது என்று தெரியும், அதனால் நன்றாகக் குலுக்கினார். சூடான பெட்டி பட்டதும் வாசனை தெருக்கோடி வரை போனது. உடம்புக்குத் தடவினால் நல்லது என்றால் உடுப்புக்குத் தெளித்தால் என்ன கெட்டுப்போகும்?

தெருவில் அரிப்பு அதிகமானது அதற்குப் பிறகுதான். வைத்தியர் வந்த நேரம் பார்த்து நோயும் வந்தது என்று எல்லாரும் நிம்மதிப்பட்டார்கள்.

இஸ்திரிக்காரருக்கு ஐம்பதை ஒட்டிய வயது. கல்யாணம் செய்துகொள்ளவில்லை. ஏன் என்று கேட்டால் "வேலை ஜாஸ்தி" என்பார். கடைக்கு மேலேயே வீடு. அவருடைய தங்கை, தங்கை புருஷன், அவர்களுடைய மூன்று வயதுப் பெண் எல்லாரும் அங்கேதான். தங்கை ஒரு பல் டாக்டரின் வரவேற்பு மேஜையில் உட்காருகிறவள். மாப்பிள்ளைக்கு இன்ஷூரன்ஸ் ஆபீஸில் வேலை. பேசுவதற்குச் சம்பளம் அங்கேதான் தருகிறார்கள் என்பதாலோ என்னவோ, வீட்டில் வாயையே திறக்கமாட்டார். குழந்தைக்கு ஒரு நல்ல பெயர் இருந்தது, ஆனால் வாண்டு என்று கூப்பிட்டால்தான் திரும்பிப் பார்ப்பாள்.

பெற்றவர்கள் வேலைக்குப் போனதும் வாண்டு கடைக்கு இறங்கி வந்துவிடுவாள். மேஜையிலிருந்து தள்ளி, ஒரு மூலையில், பழைய போர்வை மேல் உட்கார்ந்து ஹேங்கர்களுக்குச் சோறு ஊட்டுவாள். "மாமா, இது சாப்பிட மாட்டேங்குது" என்று புகார் செய்வாள். மாமா வந்து ஹேங்கரை அதட்டிவிட்டுப் போவார். தெருவில் கிடைத்த மரியாதை, வக்கீலின் பாராட்டு, எல்லாவற்றையும் ஒரு தட்டில் வைத்தாலும் இந்தப் புகாருக்கு ஈடாகாது அவருக்கு. அவள் இல்லாத கடையை அவர் நினைத்துப் பார்த்ததில்லை. நினைக்கப் பயம்.

அந்த வாண்டுக்குக் கழுத்தில் சிவப்பு வந்தது.

தங்கை தோல் டாக்டரிடம் தூக்கிக்கொண்டு ஓடினாள். "வீட்டுல ஏதாவது எண்ணெய் தடவுறீங்களா?" என்று டாக்டர் கேட்டார். தங்கை தன் அண்ணனைப் பற்றிச் சொன்னாள். டாக்டர் பேனாவை மூடி வைத்துவிட்டு முழுவதையும் காது கொடுத்துக் கேட்டார். "இந்த வாசனை எண்ணெயெல்லாம் நேரடியா தோலுல படவே கூடாதும்மா. அதுலயும் தெறந்து வச்சு, சூட்டுல இருந்த பழைய எண்ணெய் இன்னும் மோசம். ஒரு சொட்டுகூட இவ மேல படக்கூடாது" என்று சொல்லி ஒரு களிம்பு எழுதிக் கொடுத்தார்.

தங்கை வீட்டுக்கு வந்து அதைச் சொன்னாள். "சரிம்மா, தொடலை" என்றார் இஸ்திரிக்காரர். டாக்டருக்குப் பொறாமை என்று மனசுக்குள் நினைத்துக்கொண்டார். ஆனால் சொன்னபடியே பாட்டிலை வாண்டுவின் பக்கம் கொண்டுபோகவில்லை.

களிம்பு போட்டால் தணிந்தது. அடுத்த நாள் மறுபடியும் கிளம்பியது. கழுத்தோடு நின்றது கைக்கும் இடுப்புக்கும் பரவியது. ஒரு சாயங்காலம் தங்கை குழந்தையின் கழுத்தில் மூக்கை வைத்துப் பார்த்துவிட்டு நிமிர்ந்தாள்.

"அண்ணா, எண்ணெய் தடவினியா?"

"இல்லையேம்மா."

"அப்ப இந்த வாசனை எங்கேருந்து வருது? ஆகாசத்துலேருந்தா?"

"என் மேல எப்பவும் அடிக்கிறதுதானே. தூக்கும்போது ஒட்டியிருக்கும்."

"அப்ப தூக்காதே."

வேறு வழியில்லாததால் வாண்டு பகலில் கடையில்தான் இருந்தாள். அவர் தூக்கவில்லை. அவள் ஓடி வந்து காலைக் கட்டிக்கொண்டால் இரண்டு கையையும் மேலே தூக்கிக்கொண்டு நிற்பார், போலீஸிடம் பிடிபட்டவர் மாதிரி. அவளுக்கு அது புது விளையாட்டு. அவளும் கையைத் தூக்குவாள். ஒரு நாள் வாசற்படியில் தடுக்கி விழுந்து அழுதபோது, அவர் பக்கத்து ஜெராக்ஸ் கடைப் பெண்ணைக் கூப்பிட்டு, "கொஞ்சம் தூக்கிவிடும்மா" என்றார். அந்தப் பெண் இவரை மேலும் கீழும் பார்த்துவிட்டுத் தூக்கிவிட்டாள்.

கையால் தொட முடியாத பிள்ளைக்கு வேறு என்ன செய்வது? அவளுடைய சட்டைகளை இஸ்திரி போட்டார். முன்பு வாரத்துக்கு ஒரு முறை போட்டதை இப்போது தினமும் போட்டார். காலரைத் திருப்பிப் போட்டு இரண்டு தடவை தெளித்து, அழுத்தி, விறைப்பாக நிறுத்தினார். தெருவில் எந்தக் குழந்தையும் அவ்வளவு மிடுக்காக உடுத்தியதில்லை, அவ்வளவு சொறிந்துகொண்டதும் இல்லை.

தங்கையின் பொறுமை ஒரு ஞாயிற்றுக்கிழமை தீர்ந்தது.

"டாக்டர் சொல்லியும் நீ கேக்கலை. நான் சொல்லியும் கேக்கலை. உனக்கு உன் எண்ணெய்தான் பெரிசு. அதைக்கூடப் பொறுத்துப்பேன். என் முகத்தைப் பாத்துப் பொய் சொல்றே பாரு, அதைத்தான் தாங்க முடியலை."

"நான் பொய் சொல்லலை."

"பொய்க்காரன்" என்றாள் தங்கை. பிறந்ததிலிருந்து அவள் அவரை அப்படிச் சொன்னதில்லை. "இவரு ஆபீஸ் பக்கத்துல ஒரு வீடு பாத்திருக்காரு. மாசம் பொறந்ததும் போயிடறோம்."

மாப்பிள்ளை தரையைப் பார்த்தபடி கழுத்தைத் தேய்த்துக்கொண்டார். இஸ்திரிக்காரர் கீழே இறங்கிப் போய், ஏற்கனவே இஸ்திரி போட்டு முடித்த சட்டைகளை மறுபடியும் பிரித்துப் போட ஆரம்பித்தார்.

அந்த வாரத்தில் ஒரு நாள் தங்கைக்கு விடுமுறை. குழந்தையைக் குளிப்பாட்டிவிட்டு, "யாராவது துண்டு கொண்டாங்க" என்று குரல் கொடுத்தாள். யாராவது என்றால் வீட்டில் அவர் ஒருத்தர்தான். பெயர் சொல்லிக் கூப்பிட அவளுக்கு மனசில்லை. துண்டை எடுத்துக்கொண்டு போனவர் குளியலறை வாசலிலேயே நின்றுவிட்டார்.

வாண்டு ஈரத்தோடு நின்றுகொண்டிருந்தாள். கழுத்தைச் சுற்றி ஒரு சிவப்பு வளையம். இரண்டு கையிலும், சட்டைக்கை முடிகிற இடத்தில் ஒவ்வொரு வளையம். நெஞ்சின் நடுவே, பட்டன் பட்டை போகிற வழியில் நேராக ஒரு கோடு. இடுப்பைச் சுற்றி ஒன்று. முதுகில் ஒன்றுமே இல்லை. முதுகு சாதாத் துணி, அதற்குத் தண்ணீர் தேவைப்படாது.

காலர், கை, பட்டன் பட்டை, இடுப்பு. அதே வரிசையில்தான் அவர் சட்டைக்கு இஸ்திரி போடுவார். அங்கெல்லாம் துணி மடிப்பு மடிப்பாக இருக்கும், தண்ணீர் அதிகமாகத் தெளிக்க வேண்டும். குழந்தையின் உடம்பில் தன் வேலையைத் தையல் தையலாகப் பார்த்தார்.

"என்ன பாக்கறே? இதுக்கும் ஒரு பாட்டில் வச்சிருக்கியா?" என்று துண்டைப் பிடுங்கிக்கொண்டாள் தங்கை.

அவர் கடைக்கு இறங்கிப் போனார். தெளிக்கிற பாட்டிலை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார். மேலே மஞ்சளாக எண்ணெய் மிதந்தது. வக்கீலுக்கு எங்கே அரிப்பு? கழுத்தில், மணிக்கட்டில். எதிர் வீட்டு டீச்சருக்கு? இடுப்பில். தெருக்கோடி வங்கிக்காரருக்குக் கழுத்து. மாப்பிள்ளைக்குக் கழுத்து. எல்லாருக்கும் அவரே கொடுத்து, எல்லாருக்கும் அவரே மருந்தும் போட்டிருக்கிறார். தெருவில் அரிப்பே இல்லாத ஒரே ஆள் அவர்தான். அதை எண்ணெயின் மகிமை என்று இத்தனை நாள் சொல்லிக்கொண்டு திரிந்தார். அவர் அணிவது கசங்கிய பனியன். தன் துணிக்கு அவர் இஸ்திரி போட்டதே கிடையாது.

ஸ்டூலில் உட்கார்ந்தார்.

ஒரு சுலபமான வழி கண்ணெதிரே இருந்தது. பாட்டிலைக் கழுவிக் கவிழ்த்துவிட்டால் போதும். சிவப்பு தானாக மறையும். ஒருவழியாகத் திருந்திவிட்டான் என்று தங்கை நினைத்துக்கொள்வாள். மன்னித்தும் விடுவாள், வீடு மாறுகிற பேச்சும் நின்றுபோகும். வாண்டு மடிக்குத் திரும்பி வந்துவிடுவாள். தெருவிலும் அவர் வைத்தியராகவே இருப்பார். யோசிக்க யோசிக்க அது நல்ல வழியாகத்தான் தெரிந்தது. ஒரே ஒரு குறை, அப்புறம் காலம் முழுக்க அவர் தங்கையிடம் பொய் சொன்ன அண்ணன். முட்டாள் என்று சொல்லட்டும், அதற்கு நியாயம் இருக்கிறது. பொய்க்காரன் என்பதை அவரால் விழுங்க முடியவில்லை.

மாப்பிள்ளை ஆபீஸிலிருந்து வரும்வரை காத்திருந்து, தெளிக்கிற பாட்டிலை எடுத்துக்கொண்டு மாடி ஏறினார். தங்கை குழந்தையைத் தோளில் போட்டுத் தட்டிக்கொண்டிருந்தாள். பாட்டிலை மேஜை மேல் வைத்தார்.

"இதுதாம்மா."

"எது?"

"நான் தடவலை. தெளிச்சேன். சட்டையில. எண்ணெய் கலந்த தண்ணி. அது எண்ணெய்னே எனக்குத் தோணலை, தண்ணின்னுதான் நெனச்சேன். நீ திட்டத் திட்ட அவ சட்டைக்கு இன்னும் அதிகமா தெளிச்சேன்."

தங்கை மூடியைத் திறந்து மோந்து பார்த்தாள். குழந்தையின் காலரையும் மோந்து பார்த்தாள். மாப்பிள்ளை எழுந்து, யாரும் கேட்காமலேயே மேல் பட்டனைக் கழற்றி, காலரை விலக்கிக் காட்டினார். கழுத்தைச் சுற்றி வரப்பு கட்டின மாதிரி சிவந்திருந்தது.

"ரெண்டு வருஷமா இருக்கு மச்சான்" என்றார். "உங்க எண்ணெயைத்தான் தடவிட்டு வரேன். உங்க மனசு நோகுமேன்னு சொல்லலை."

வீட்டில் அவர் அவ்வளவு நீளமாகப் பேசி யாரும் கேட்டதில்லை. கொஞ்ச நேரம் எல்லாரும் அந்தக் கழுத்தையே பார்த்தார்கள்.

"நாளைக்கு ஒவ்வொரு வீடா போய்ச் சொல்லிட்டு வரணும்" என்றார் இஸ்திரிக்காரர். "வக்கீல் கிட்டதான் மொதல்ல. அவரு என்ன கேஸ் போடுவாரோ."

தங்கை அதைக் காதில் வாங்கவில்லை. "அப்ப நீ இவளைத் தொடவே இல்லையா? இத்தனை நாளும்?"

"இல்லைம்மா."

"விழுந்தப்பகூட?"

அவர் குழந்தையின் முழங்காலைப் பார்த்தார்.

"ஜெராக்ஸ் கடைப் பொண்ணு சொன்னா. நீதான் சொல்லச் சொல்லியிருப்பேன்னு நெனச்சேன்" என்றாள் தங்கை. அந்தக் குடும்பத்தில் யாரும் யாரிடமும் மன்னிப்புக் கேட்டுப் பழக்கமில்லை. அவளுக்கும் வரவில்லை. தோளிலிருந்த குழந்தையின் சட்டையைக் கழற்றித் தூர எறிந்தாள். வெற்றுடம்போடு குழந்தையை அவர் பக்கம் நீட்டினாள். "பிடி. எனக்குக் கை வலிக்குது."

"இரு, கையைக் கழுவிட்டு வந்துடறேன்."

போய் முழங்கை வரை சோப்புப் போட்டுக் கழுவினார். மோந்து பார்த்துவிட்டு மறுபடியும் கழுவினார். வந்து வாங்கிக்கொண்டபோது அவருக்குக் கண் நிறைந்துவிட்டது, அதை மறைக்கக் கையும் காலியாக இல்லை. "அந்த வீட்டுக்காரர்கிட்ட வேண்டாம்னு சொல்லிடவா?" என்று மாப்பிள்ளை மெதுவாகக் கேட்டார். தங்கை சரி என்று தலையை ஆட்டினாள்.

வாண்டு பாதித் தூக்கத்தில் கழுத்தைச் சொறிந்தாள். கண்ணைத் திறந்து யார் என்று பார்த்தாள். பார்த்ததும் பெரிய நம்பிக்கையோடு கழுத்தை நீட்டினாள்.

"மாமா, அரிக்குது. எண்ணெய் தடவு."

"எண்ணெய் வேண்டாம்டா" என்றார் இஸ்திரிக்காரர். "மாமா ஊதி விடறேன்."

குனிந்து ஊதினார். காலர் இருந்த இடத்திலிருந்து ஆரம்பித்து, கைகள், நெஞ்சு, இடுப்பு என்று, தான் தெளித்த இடங்களில் எல்லாம் ஒன்று விடாமல் ஊதினார். அவள் தூங்கின பிறகும் ஊதிக்கொண்டே இருந்தார். தங்கை போதும் என்று சொல்லவில்லை.